மருந்தின் நான்காம் கூறு

தமிழர் அடுக்களையில் தக்காளி இன்று வீட்டுப் பிள்ளையைப் போல் உரிமையுடன் நடமாடுகின்றது. சாம்பாரில் அது கரைகின்றது, குழம்பில் குழைகின்றது, துவையலில் தலைமை ஏற்கின்றது, ரசத்திலோ அதுவே உயிராய் நிற்கின்றது. ஆயினும், வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு இப்பிள்ளை பிந்தி வந்த விருந்து என்பது விளங்கும். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சாரலில் தோன்றி, மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினரின் கையில் பயிராய்ப் பண்பட்டு, பதினாறாம் நூற்றாண்டில் இசுபானியரின் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்து, பின்னர்க் கீழை நாடுகளுக்கு வந்து சேர்ந்த பழம் அது. சங்கப் புலவர் மிளகை அறிவர், புளியை அறிவர், இந்தத் தக்காளியை அறியார். தக்காளி என்னும் பெயருங்கூட மணத்தக்காளி போன்ற நாட்டுச் செடிகளுக்கு உரியதாய் இருந்ததே. கடல் கடந்து வந்த பழத்தை வேறுபடுத்திக் காட்டவே அதனைச் சீமைத்தக்காளி என்றனர் முன்னோர்.

தக்காளி வருமுன்னரும் தமிழர் சாறு காய்ச்சினர். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுப் புளி கரைத்து இறக்கிய அந்த மிளகுத் தண்ணீரை ஆங்கிலேயர் சுவைத்து, 'முல்லிகட்டானி' என்று தம் நாவுக்கேற்பப் பெயரிட்டுத் தம் நாட்டுக்கும் கொண்டு சென்றனர். எனவே, தக்காளி இல்லாத சாறு தமிழ்ச் சாறு அன்று என எவரும் சொல்ல இயலாது. இந்தச் சிறு வரலாறு ஒருவருக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். மற்றொருவருக்கு அதுவே ஆறுதலாக அமைதலும் உண்டு. தக்காளியை எண்ணி எண்ணி உண்ண வேண்டிய நிலைக்கு வந்தவர்களுக்கு, அதாவது சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, இந்த ஆறுதல் தேவைப்படுகின்றது.

பினாங்கைப் போல் நாவுக்கு விருந்தளிக்கும் ஊர் மலேசியத் திருநாட்டில் பிறிதொன்று இருத்தல் அரிது. 2008ஆம் ஆண்டில் உலக மரபுடைமை நகரமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பெற்ற ஜார்ஜ் டவுனில், தெருவுக்குத் தெரு அடுப்பு எரிகின்றது. ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவுதடி தாங்கிச் சோறும் கறியும் சுமந்து விற்றனர். அத்தடியின் மலாய்ப் பெயரான கண்டார் என்னும் சொல்லே 'நாசி கண்டார்' என்னும் உணவுக்குப் பெயராய் நிலைத்தது. பல குழம்புகளைச் சோற்றின்மேல் வெள்ளமெனப் பெய்து தருவதை இங்குள்ளோர் 'பஞ்சிர்' என்பர்; வெள்ளம் என்பதே அதன் பொருள். மீ கோரெங் வறுப்போர் தக்காளிச் சாற்றுப் புட்டியைத் தலைகீழாய்க் கவிழ்ப்பர். சௌராஸ்தா சந்தையிலும் லிட்டில் இந்தியாவின் கடைகளிலும் கேமரன் மலைத் தக்காளி சிவந்து குவிந்திருக்கும். இத்தகைய ஊரில் ஒருவரை நோக்கி, 'அளவாக உண்' என்று சொல்வது எளிது. அவர் உண்பது எளிதன்று.

அளவை மறந்ததன் விலையை நாடு செலுத்திக்கொண்டிருக்கின்றது. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வில், பதினெட்டு வயதைக் கடந்த மலேசியருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்ததாகக் கண்டனர். இந்தியரிடையே அது 31 விழுக்காடு அளவில் இருந்தது. தோட்டப்புறங்களில் இனிப்புநீர் என்று வழங்கும் இந்நோயே சிறுநீரகத்தை அரிக்கும் முதல் எதிரி. இந்நாட்டில் இரத்தச் சுத்திகரிப்புக்கு உள்ளாவோர் தொகை ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அவ்வாறு புதிதாக வருவோருள் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவினால் வருவோரே. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டுக் காலமாகச் சீனியின் மிகுதியையும் உப்பின் மிகுதியையும் பற்றி எச்சரித்து வருகின்றது. அதன் தலைவராய் நெடுங்காலம் விளங்கி 2019ஆம் ஆண்டில் மறைந்த எசு. எம். முகமது இத்ரிசு அவர்கள், தமிழகத்தில் பிறந்து பினாங்கு மண்ணில் வாழ்ந்தவர். உணவுத் தட்டில் தொடங்கும் கேட்டை மேடைதோறும் எடுத்துரைத்தவர்.

சிறுநீரகத்தின் பணியைச் சற்று அறிந்துகொண்டால்தான் தக்காளியின் வழக்கு விளங்கும். அவரை விதை வடிவில் முதுகின் இருமருங்கும் அமைந்த இவ்விரு உறுப்புகளும், ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகளைக் கொண்டவை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டுவனவற்றை மீட்டெடுத்துக்கொண்டு, வேண்டாதவற்றை ஒன்று அல்லது இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. வெளியேற்ற வேண்டியவற்றுள் ஒன்று பொட்டாசியம் என்னும் தாதுப்பொருள். 1807ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில அறிவியலறிஞர் இதனைத் தனியே பிரித்தெடுத்தார். செடிகொடிகளை எரித்த சாம்பலில் மிகுதியாகக் கிடைப்பது இது. எனவே காயும் கனியும் கீரையும் பருப்பும் யாவும் பொட்டாசியம் உடையனவே.

நலமுள்ள உடலுக்குப் பொட்டாசியம் நண்பன். தசையை இயக்குவது, நரம்பின் செய்தியைச் செலுத்துவது, இதயத் துடிப்பைச் சீராக்குவது எல்லாம் அதன் துணையால் நடப்பன. இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருத்தல் இயல்பு. சிறுநீரகம் தளர்ந்தால் வடிகால் அடைபட்ட வயலில் நீர் தேங்குவதைப் போல் அது இரத்தத்தில் தேங்குகின்றது. ஆறைத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். அச்சம் தருவது என்னவெனில், பெரும்பாலும் அது முன்னறிவிப்பு ஏதும் தருவதில்லை. வலியில்லை, காய்ச்சலில்லை, உண்டவர் உண்டபடியே அமர்ந்திருப்பார், ஆபத்து உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்.

ஜார்ஜ் டவுனில் வாழும் ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் வீட்டில் நடந்தது இங்கு எண்ணத்தக்கது. இருபது ஆண்டுகள் இனிப்புநீரோடு வாழ்ந்தவர் அவர். ஓய்வுபெற்ற மூன்றாம் ஆண்டில் சிறுநீரகத்தின் ஆற்றல் கால் பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டது என மருத்துவர் கூறினார். பொட்டாசியம் 5.7 இருந்தது. உணவியல் அலுவலர் ஒருவர் அரைமணி நேரம் அவரோடு பேசி, ஒரு தாளையும் கையில் கொடுத்தனுப்பினார். மலாய்மொழியில் அமைந்த அத்தாளில் குறைக்க வேண்டியன, அளவோடு கொள்ள வேண்டியன, கவலையின்றி உண்ணத்தக்கன என மூன்று பத்திகள் இருந்தன. முதற்பத்தியில் உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இளநீர், கீரை ஆகியவற்றின் வரிசையில் தக்காளியும் நின்றது.

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் பொழிப்புரை சொல்லிப் பழகியவர் ஆதலின், வீட்டுக்கு வந்ததும் அத்தாளின் பொழிப்பையும் ஒரே தொடரில் சொல்லிவிட்டார்: "தக்காளி கூடாதாம்." துணைவியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். "என்னங்க, ரசத்திலுமா?" என்றார். "எதிலும் கூடாது" என்று விடை வந்தது.

அவ்வம்மையாரின் ரசம் உறவினர் வட்டத்தில் பெயர் பெற்றது. செபராங் பிறையின் தோட்டமொன்றில் பிறந்து, தாயின் அருகில் நின்று கற்ற கைப்பக்குவம் அது. நான்கு தக்காளியைக் கையால் பிசைந்து, பருப்புத் தண்ணீர் ஊற்றி, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, நுரை கூடும் வேளையில் இறக்கிக் கொத்தமல்லி தூவி மூடுவார். கணவர் சோற்றோடு உண்பதோடு நில்லாமல், இரண்டு குவளை வாங்கிப் பருகியும் விடுவார். நாற்பது ஆண்டு இல்லறத்தில், சண்டையிட்ட நாள்களிலும் அக்குவளை தவறியதில்லை. அத்தகைய கைக்கு, 'உன் ரசம் என்னைக் கொல்லும்' என்று யாரோ தாளில் எழுதி அனுப்பியது போலாயிற்று. "இத்தனை நாளும் என் கையால்தானே ஊற்றிக் கொடுத்தேன்" என்று அவர் ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை. தக்காளி அவ்வீட்டுக்குள் வருவது நின்றது.

வெற்றிடத்தை அன்பு விட்டுவைப்பதில்லை. தக்காளியின் புளிப்பு போயிற்றே என்று அம்மையார் நெல்லிக்காய் அளவுப் புளிக்குப் பதிலாக எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்தார். சாறு வெளிறிப் போயிற்றே என்று பருப்பை இருமடங்காக்கினார். தந்தையின் இரத்தக் கொதிப்பை எண்ணிக் கவலையுற்ற மகன், பேரங்காடியிலிருந்து சோடியம் குறைந்த உப்பை வாங்கி வந்து தாயிடம் கொடுத்தான். அது உடலுக்கு நல்லது என்று பொதியின் முகப்பிலேயே எழுதியிருந்தது. உப்பு குறைவாயிற்றே என்று அம்மையார் அதனைத் தாராளமாகவே இட்டார். ஒருவரும் தீங்கு எண்ணவில்லை; ஒவ்வொருவரும் நன்மையையே ஊற்றினர். அடுத்த மாதம் இரத்தம் சோதித்தபோது பொட்டாசியம் 6.2 ஆக உயர்ந்திருந்தது. ஆசிரியரை அன்றே படுக்கையில் சேர்த்து, இதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து பார்த்து, ஊசி மருந்து செலுத்தி, இரண்டு நாள் கழித்தே வீட்டுக்கு அனுப்பினர்.

தக்காளியை முற்றாக ஒழித்த வீட்டில் பொட்டாசியம் ஏறியது எவ்வாறு? இந்த வினாவோடு வந்த உணவியல் அலுவலர் இம்முறை இளம் தமிழ்ப்பெண்ணாக இருந்தார். அவர் தாளை எடுக்கவில்லை. முதலில் ஒரு வினாவைத்தான் கேட்டார்.

"அம்மா, வீட்டில் சமைப்பவர் யார்?"

"நான்தான்."

"முன்பு இங்கே பேசியபோது நீங்கள் உடனிருந்தீர்களா?"

"என்னை யாரும் கூப்பிடவில்லையே, அம்மா."

அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் அலுவலர் ஒரு நாற்காலியை இழுத்துத் தம் மேசைக்கு அருகில் இட்டு, அம்மையாரை அதில் அமரச் செய்தார். ஆசிரியர் பின்னால் இருந்த நாற்காலிக்குச் சென்றார். அன்றைய பாடம் ஒரு மணி நேரம் நடந்தது, மாணவி அம்மையார்தாம்.

முதற்பாடம் உப்பு. சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுபவற்றுள் பலவற்றில் சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடையே சேர்க்கின்றனர். அதன் எடையில் பாதிக்குமேல் பொட்டாசியமாகும். சரிபாதி கலந்த உப்பாயின், ஒரு தேக்கரண்டியில் 1,500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் அடங்கும். நடுத்தரத் தக்காளி ஒன்று ஏறத்தாழ 120 கிராம் எடையுள்ளது. அதில் 285 மில்லிகிராம் அளவே பொட்டாசியம் உண்டு. ஐந்து தக்காளியை வாயில் வழியே வெளியேற்றிவிட்டு, ஒரு தேக்கரண்டி உப்பின் வடிவில் அவற்றைச் சன்னல் வழியே உள்ளே அழைத்த கதையாயிற்று. நலமுள்ளவர்க்கு நன்மை செய்யும் அந்த உப்பு, சிறுநீரகம் தளர்ந்தவர்க்குத் தீங்காகின்றது. மலேசியப் பொதிகளில் பொட்டாசியத்தை மலாய் வழக்கில் 'கலியம்' என்று குறிப்பதும் உண்டு. 'பொட்டாசியம்' என்று மட்டுமே தேடும் கண்ணுக்கு அது தப்பிவிடும். வேதியியலில் அத்தனிமத்துக்குரிய குறியீடும் அப்பெயரிலிருந்து பிறந்ததே.

இரண்டாம் பாடம் நீர். பொட்டாசியம் நீரில் கரையும் இயல்பினது. உருளைக்கிழங்கைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் ஏறக்குறைய பாதி நீரோடு போய்விடும். இதைக் கேட்டதும் அம்மையார் நிமிர்ந்தார்.

"அப்படியானால், ரசம் என்பது கொட்ட வேண்டிய தண்ணீரைக் குடிப்பதா?" என்றார்.

அலுவலர் வியந்து சிரித்தார். பல மாதப் பயிற்சியில் கற்பிக்க வேண்டிய ஒன்றை, நாற்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்ற அறிவு ஒரு நொடியில் பற்றிக்கொண்டது. ரசத்தின் இயல்பே அதுதான். காயில் உள்ள சத்தெல்லாம் நீருக்கு இறங்குமாறு காய்ச்சுவதே அக்கலை. தக்காளித் தோலும் விதையும் சட்டியின் அடியில் தங்க, பொட்டாசியமும் உப்பும் தெளிந்த சாற்றில் மேலே நிற்கின்றன. துண்டுத் தக்காளியைக் கறியில் உண்பவரைவிட இரண்டு குவளை ரசம் பருகுபவரே மிகுதியாகப் பெறுகின்றார். நோய் முற்றிச் சிறுநீர் குறைந்தவர்க்கு நீரின் அளவும் வரையறுக்கப்படும். அவர்க்கு ரசமும் மோரும் குழம்பும் தண்ணீர்க் கணக்கிலேயே சேரும்.

மூன்றாம் பாடம் செறிவு. 100 கிராம் பச்சைத் தக்காளிப் பழத்தில் 240 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகப் பொட்டாசியம் இருக்கும். அதே எடையுள்ள தகரக் குப்பித் தக்காளி விழுதிலோ 1,000 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. பல பழங்களின் நீரை வற்றச் செய்து எடுத்தது ஆதலின் அச்செறிவு. ஒரு குவளை தக்காளிப் பழச்சாற்றில் 500 மில்லிகிராமைத் தாண்டும். மீ கோரெங்கில் ஊற்றும் புட்டிச் சாற்றின் கதை வேறு. ஒரு மேசைக்கரண்டியில் பொட்டாசியம் 50 மில்லிகிராம் அளவே. ஆனால் அதில் உப்பும் சீனியும் மிகுதி. ஒரு மேசைக்கரண்டியிலேயே 150 மில்லிகிராம் சோடியம் வந்துவிடும். வறுப்பவர் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை. ஒரே தக்காளி பழமாக, விழுதாக, சாறாக, புட்டிச் சாறாக வரும்போது நான்கு வேறு பொருள்களாகிவிடுகின்றது. 'தக்காளி கூடாது' என்னும் பொழிப்புரையில் இந்த நான்கும் ஒன்றாய்க் குழம்பிப் போயிருந்தன.

பாடத்தின் முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. உப்புப் பொதி வீட்டைவிட்டு வெளியேறும். சாதாரண உப்பே போதும், அதுவும் பாதியாகும். புளி நெல்லிக்காய் அளவுக்குத் திரும்பும். பருப்புத் தண்ணீர் வேண்டா. அரைத் தக்காளி, ஏறத்தாழ 60 கிராம், இருவருக்குமான சட்டியில் சேரலாம். அதன் பொட்டாசியம் 140 மில்லிகிராம் அளவே, அதிலும் கணவர்க்குரியது ஒரு பங்குதான். குறைந்த புளிப்பை இறக்கும் வேளையில் சில துளி எலுமிச்சைச் சாறு ஈடுசெய்யும். மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை ஆகியவை மணம் தரும். குவளை போய்ச் சிறு கிண்ணம் வரும். ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுதல் வேண்டும். தக்காளி சேரும் நாளில் வாழைப்பழமும் இளநீரும் சேரா. இரத்தம் ஒவ்வொரு மாதமும் சோதிக்கப்படும். எண் ஏறினால் அரையும் காலாகும்.

இவ்வளவு அவருக்குரியது. பிறரும் இதனையே பின்பற்றுதல் தகாது. சிறுநீரகம் சிறிதே தளர்ந்து, பொட்டாசியம் இயல்பில் நிற்பவர் தக்காளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இரத்தக் கொதிப்புக்கு உண்ணும் சில மாத்திரைகளே பொட்டாசியத்தை ஏற்றுவதும் உண்டு. அவர்க்கு வேறு கணக்கு. அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறவாரியம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு நெறிமுறையும், இரத்தத்தில் பொட்டாசியம் இயல்பாக நிற்குமாறு அவரவர்க்கேற்ப உணவை அமைத்தல் வேண்டும் என்றே கூறுகின்றது. எல்லார்க்கும் ஒரே எண்ணை அது விதிக்கவில்லை. மருத்துவரைக் கேளாமல் அண்டை வீட்டாரின் தாளைப் பார்த்து உண்பதும் உண்ணாமையும் தவறேயாகும்.

அண்டை வீடு என்றதும் மற்றோர் அன்பையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் வீட்டில் தக்காளி நின்றது என்று கேள்வியுற்ற அண்டை வீட்டு மூதாட்டியார், தம் கொல்லையில் காய்த்த பிலிம்பிக் காய்களை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். மலாய்மொழியில் பெலிம்பிங் பூலோ எனப்படும் அக்காய் மீன்குழம்புக்கு இனிய புளிப்பைத் தருவது. நல்வாய்ப்பாக அம்மையார் அதனைச் சட்டியில் இடுமுன் அலுவலரைக் கேட்டுவிட்டார். பிலிம்பியில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அதன் சாற்றைச் செறிவாகப் பருகிய பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததைக் கேரளத்து மருத்துவர்கள் 2013ஆம் ஆண்டில் பதிவு செய்துள்ளனர். அதன் உறவான நட்சத்திரப் பழம் இன்னும் கொடிது. சிறுநீரகம் கெட்டவர் அப்பழத்தைச் சிறிது உண்டாலும் ஓயாத விக்கலும், மனக்குழப்பமும், வலிப்பும், சிலர்க்கு இறப்பும் நேர்ந்ததுண்டு. அதிலுள்ள நரம்பு நஞ்சைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர் 2013ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து கேரம்பாக்சின் எனப் பெயரிட்டனர். அளவு என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. முற்றும் விலக்க வேண்டிய கனி அது. தக்காளியை நீக்கிவிட்டுப் பிலிம்பியைப் புகுத்துவது, பூனைக்கு அஞ்சிப் புலியை அழைத்தது போலாகும்.

வீட்டில் அளவு நின்றாலும் வெளியில் நிற்பது கடினம். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலையை நோக்கிச் செல்லும் சாலை நெடுகிலும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். அன்னதானத்தில் கரண்டி ஏந்தி நிற்போர், 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்பதற்கு முன்பே ஊற்றிவிடுவர். மறுப்பது அறத்தை மறுப்பது போன்றது என்று எண்ணுவோரும் உளர். ஆசிரியர் முதலாண்டு அச்சாலைக்குப் போகவே இல்லை. அடுத்த ஆண்டு சென்றார். சோற்றையும் சிறிது முட்டைக்கோசுப் பொரியலையும் வாங்கிக்கொண்டார். ரசக் கரண்டி நெருங்கியபோது இலைமேல் கையை விரித்து மறித்தார். பந்தல் இளைஞன், "ஐயா, வெறும் ரசந்தானே?" என்றான். வெறும் ரசந்தான், அதனுள் இருப்பதை அந்த இளைஞன் அறியான், அறிந்திருக்க வேண்டியவனுமல்லன். ஆனால், மறித்த கையைக் கண்டதும் வற்புறுத்தாமல் அடுத்த இலைக்கு நகர்ந்தான். அந்நகர்வும் ஒரு விருந்தோம்பலே. உண்பவர் வேண்டும் அளவைக் கேட்டு அவ்வளவில் நிறுத்துவது, இனிப்புநீர் பெருகிவிட்ட சமுதாயத்தில் புதிதாகக் கற்க வேண்டிய பண்பாகும்.

மூன்று திங்களில் ஆசிரியரின் பொட்டாசியம் 4.8 ஆக இறங்கியது. இதனால் சிறுநீரகம் மீண்டது என்று கருதலாகாது, தளர்ந்தது தளர்ந்ததே. என்றேனும் வாரத்துக்கு மும்முறை, முறைக்கு நான்கு மணிநேரம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் அருகில் அவர் படுக்க நேரலாம். அரைத் தக்காளி அந்நாளைத் தடுக்கும் என்று எவரும் உறுதி கூறவில்லை. ஆயினும் அந்நாள் வரும்வரை, திடீரென இதயம் நின்றுவிடுமோ என்னும் அச்சமின்றி இருவரும் மாலையில் சோறு உண்கின்றனர். அடுப்பருகே சுவரில் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டுள்ளது. மலாய்த் தாளின் பொழிப்புரை அன்று அது. அம்மையாரே தம் கையெழுத்தில் தமிழில் எழுதிய கணக்கு; ஒரு பக்கம் காய்களின் பெயர், மறுபக்கம் அவற்றின் அளவு. ஆசிரியர் அதில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டும் திருத்தவில்லை.

திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தை அமைத்தபோது, பெரும்பகுதியை மருந்துக்கன்றி உணவுக்கே ஒதுக்கினார். செரித்தது அறிந்து, பசித்த பின்னர், ஒத்த உணவை அளவோடு கொள்ளுதலே அதன் சாரம். வகுப்பறையில் இதனைக் கற்பிக்காத தமிழாசிரியர் இலர். அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கின்றார் வள்ளுவர்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர். முதல் மூன்றையும் இந்நாளில் எவரும் மறப்பதில்லை. நோயாளிக்கு எண் கொடுக்கின்றனர். மருத்துவர்க்கு அறை கொடுக்கின்றனர். மருந்துக்குப் பட்டியல் கொடுக்கின்றனர். நான்காம் கூறுதான் வீட்டில் அடுப்படியில் நின்றுவிடுகின்றது. செய்தி அதனிடம் வரும்போது ஒரே தொடராய்ச் சுருங்கி, 'கூடாது' என்னும் சொல்லாய் மட்டும் வந்து சேருகின்றது.

சிறுநீரக நோயில் நாளுக்கு மும்முறை மருந்தை அளப்பது அந்த நான்காம் கூறே. அந்தக் கை தாயின் கையாக இருக்கலாம்; மகனின் கையாகவோ கணவரின் கையாகவோ இருத்தலும் கூடும். 'கூடாது' என்று கேட்டால் அக்கை அஞ்சி ஒதுங்கும். அல்லது அன்பினால் வேறொன்றை ஊற்றும். 'இவ்வளவு' என்று கேட்டால் அளந்து கொடுக்கும். தமிழ்ப்பள்ளி மாணவர் பொதியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ளதைப் படித்துத் தம் வீட்டாருக்குச் சொல்லப் பழகினால் அதுவும் ஒரு தொண்டாகும். அதனினும் எளிய தொண்டு மற்றொன்று உண்டு. வீட்டில் ஒருவர் மருத்துவரைக் காணச் செல்லும் நாளில், சமைப்பவரையும் உடனழைத்துச் சென்று முன்நாற்காலியில் அமர்த்துக.